கொல்பா அளக்கும் கொப்னட்

போன மாதம் டப்ளினிலிருந்து ஓர் அதிகாரி எங்கள் மலையை அளக்க வந்தார். தோளில் சுருட்டிய வரைபடம், காலில் சேறு படாத பூட்ஸ். மேய்ச்சல் மலையின் சுவரில் இருக்கும் மலைவாசலில் நின்றிருந்த என் தங்கை கொப்னட்டைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்.

“இந்த ஊர்ல எல்லாரும் மேய்ச்சலை கொல்பா கொல்பான்னே சொல்றாங்க. ஒரு கொல்பான்னா எத்தனை ஏக்கர்ங்க?”

“உங்ககிட்ட என்ன மாடு இருக்கு சார்?”

“மாடா? நான் மூணாவது மாடியில குடியிருக்கேன்.”

“அப்ப உங்களுக்கு ஏக்கரே தேவையில்லையே.”

அவர் அதைக் குறிப்பேட்டில் எழுதினார். எழுதியதைத் தானே ஒரு முறை படித்துப் பார்த்துவிட்டு அடித்துவிட்டார். மனிதர் பாவம் என்று கொப்னட்டுக்குத் தோன்றியிருக்க வேண்டும். கையைப் பிடிக்காத குறையாகப் பாறை மேல் உட்காரவைத்து விளக்கினாள். ஆற்றோரத்தில் ஒரு பசு வயிறு நிறைய மூன்று ஏக்கர் போதும். மேல் சரிவில் அதே பசுவுக்குப் பத்து ஏக்கரும் போதாது. இரண்டு இடத்திலும் கொல்பா ஒன்றுதான்.

“நாங்க அளக்கறது நிலத்தை இல்ல சார். வயித்தை.”

பத்தொன்பது வருஷமாக அவள் எங்கள் ஊரின் கல்காரி, அதாவது மேய்ச்சலுக்குக் கல் எண்ணிக் கொடுப்பவள். அந்த வேலை அவள் கைக்கு வந்த விதத்தை முறைப்படி எழுதிவைக்க வேண்டும் என்று அன்றைக்குத் தீர்மானித்தேன். அவள் எழுத மாட்டாள். எங்கள் ஊர்ச் செம்பட்டைத்தலை முயிரிஷ் சொல்கிற கதையில் பாதி பொய். எனவே அவள் அண்ணன் டொனகா, நான் எழுதுகிறேன்.

எங்கள் ஊரான கூம் டூவில் எட்டு வீடுகள். மலை நாற்பத்தொரு கொல்பா தாங்கும். வீட்டுக்கு ஐந்து, மீதி ஒன்று கல்காரருக்கு. வளர்ந்த பசுவுக்கு ஒரு கொல்பா. பால் பல் விழாத கிடேரிக்கு அரை. ஆடு ஆறு சேர்ந்தால் ஒன்று. வாத்து இருபது. குதிரை பகலிலும் மேயும், இரவிலும் மேயும், அடிப்புல் வரை கடிக்கும். அதனால் ஒன்றரை. கழுதையைப் பற்றி ஊரில் இரண்டு கருத்து உண்டு. கழுதை வைத்திருப்பவர்கள் ஒரு பக்கம், வைத்திராதவர்கள் ஒரு பக்கம்.

மே முதல் தேதி காலையில் மலைவாசலில் எல்லாரும் கூடுவோம். ஒவ்வொரு வீட்டுக்காரர் உள்ளங்கையிலும் கல்காரர் ஐந்து வெள்ளைக் கூழாங்கல் கொடுப்பார். ஒரு பசு வாசலைத் தாண்டினால் ஒரு கல்லைப் பலகைப் பாறையில் வைக்க வேண்டும். அரைக் கணக்குக்குக் கறுப்புக் கல். ஒரு வெள்ளையைக் கொடுத்தால் இரண்டு கறுப்பு கிடைக்கும். கை காலியானதும் அந்த வீட்டுக்கு வாசல் மூடிவிடும். ஆகஸ்ட் முதல் தேதி எல்லா மிருகங்களையும் வாசலுக்கு இறக்கி, இன்னொரு முறை எண்ணி ஏற்றுவோம். மிருகத்தின் வாயைத் திறந்து பார்த்து, இது முழு, இது அரை என்று சொல்வது கல்காரர். அவர் சொன்னால் சொன்னதுதான். அவருக்குச் சம்பளம் கிடையாது. அந்த நாற்பத்தொன்றாவது கொல்பாதான் கூலி.

கொப்னட்டுக்கு முன்னால் கல் வைத்திருந்தவர் லவ்ராஸ் ஐயா. முப்பத்தொரு வருஷம் ஒரு சண்டை இல்லாமல் எண்ணினார். கடைசி இரண்டு வருஷம் கண் மங்கிவிட்டது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் முயிரிஷ் கண்டுபிடித்துவிட்டான். முயிரிஷின் ஆடுகளில் ஒன்று மெலிந்து, கறுத்து, தூரத்திலிருந்து பார்த்தால் நாய் மாதிரி இருக்கும். அதைத் தனியாகக் கடைசியில் விட்டு, “வா ராஜா, வாடா” என்று சீட்டி அடித்துக் கூப்பிடுவான். நாய்க்குக் கல் கிடையாது. 1956-இல் அந்த ஆடு நாயாக மலை ஏறியது. 1957-இலும் நாயாகவே ஏறியிருக்கும். கொப்னட் வாசலருகே நின்றதுதான் முயிரிஷின் கெட்ட காலம்.

“லவ்ராஸ் ஐயா,” என்றாள் அவள். “அந்த நாய் மேன்னு கத்துச்சு.”

“அதுக்கு சளி புடிச்சிருக்கு,” என்றான் முயிரிஷ்.

“சளி புடிச்சா கொம்புமா முளைக்கும் மாமா?”

ஊரே சிரித்தது. எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவர் லவ்ராஸ் ஐயாதான். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த மே மாதம் கல் பையை இந்தப் பெண்ணிடம் கொடுக்கப்போவதாக அங்கேயே சொன்னார். “எனக்குக் கண்ணு போச்சு. இவளுக்குக் கண்ணோட காதும் சேந்து இருக்கு.”

“பொம்பளை கையில கல் பையா?” என்று முயிரிஷ் துள்ளினான்.

“மேயுற பசு எல்லாமே பொம்பளைதான்டா. அதுங்க ஒண்ணும் மறுப்பு சொல்லலையே,” என்றார் ஐயா.

கடைசியில் ஊர் ஒரு நடுவழிக்கு வந்தது. 1958 மே முதல் ஆகஸ்ட் வரை அவள் கல் பையை வைத்துப் பார்க்கட்டும். ஆகஸ்ட் எண்ணிக்கை முடிந்ததும் அவளை ஏற்கிற வீட்டுக்காரர் தன் கற்களைப் பாறை மேலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும். ஏற்காதவர் கற்களைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளலாம். மூன்று வீடு அப்படிச் செய்தால் வேறு ஆள் பார்க்க வேண்டும். என் வீடு அதில் சேர்த்தி இல்லை. அண்ணன் என்பதால்.

இதில் அவளுக்கு என்ன போயிற்று என்று கேட்கலாம். அவளுக்கு எல்லாமே அதில்தான் இருந்தது. அப்பா இறந்தபோது வீடும் ஐந்து கொல்பாவும் மூத்தவனான எனக்கு வந்தன. இங்கே வழக்கம் அதுதான். கொப்னட்டுக்கு வீட்டில் ஒரு கட்டிலும், பதினான்கு கோழியும் இருந்தன. இருபத்துநாலு வயது. அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டில் இருக்கும் எங்கள் அத்தை அந்த வசந்தத்தில் கப்பல் டிக்கெட்டே வாங்கி அனுப்பிவிட்டாள். செப்டம்பர் பதினான்கு, கோவ் துறைமுகம். கொப்னட் அதை அடுப்பு மேல் கடிகாரத்துக்குப் பின்னால் செருகிவைத்தாள். மணி பார்க்கும்போதெல்லாம் எனக்கு அதன் ஓரம் தெரியும்.

“நீ எதுக்குப் போகணும்?” என்றேன் ஒருநாள். “இங்க உனக்கு என்ன குறை?”

“கோழிக்குக் கொல்பா கிடையாது அண்ணே.”

“என்னோடது எல்லாம் உன்னோடதுதானே.”

“அதைத்தான் எல்லா அண்ணனும் சொல்றாங்க. நாளைக்கு அண்ணி வந்து, ‘என்னோட பசுவைக் கறக்காதே’ன்னு சொன்னா? கல்லு என் கையில நின்னா மலையில எனக்குன்னு ஒரு பசுவோட புல்லு இருக்கும். ஆகஸ்ட்ல நின்னா நிக்கறேன். இல்லன்னா கப்பல்.”

“நான் போக வேணாம்னு சொன்னா?”

“ரெண்டு வாரம் முன்னாடியே போயிடுவேன்.”

அவள் சொன்னால் செய்வாள்.

மே மாதம் நல்லபடியாகப் போயிற்று. என் மூன்று பசுவுக்கு மூன்று கல், குதிரைக்கு ஒன்றரை, கறுப்பி என்ற கிடேரிக்கு அரை. கச்சிதமாக ஐந்து. கறுப்பி பிந்திப் பிறந்தவள். 1956 ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி, மத்தியானம் இரண்டே காலுக்கு. மே மாதம் கொப்னட் அவள் வாயைத் திறந்து எல்லாருக்கும் காட்டினாள். எட்டும் பால் பல். முயிரிஷ் குனிந்து பார்த்து, மூக்கால் ஒரு சத்தம் எழுப்பினான். குறை கண்டுபிடிக்க அவனால் முடியவில்லை. அவனுக்கும் கணக்கு கச்சிதம்தான்: இரண்டு பசுவுக்கு இரண்டு, ஒன்பது ஆட்டுக்கு ஒன்றரை, மூன்று கிடேரிக்கு ஒன்றரை.

ஜூலையில் லேன் அக்காவின் கடையில் அந்தப் பேச்சு எழுந்தது. மழை விடவில்லை. வைக்கோலுக்குப் புல் வெட்ட முடியாமல் ஊர் முழுக்க அந்தக் கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தது. கொல்பா என்ற சொல்லே எங்கிருந்து வந்தது என்று யாரோ ஆரம்பித்தார்கள்.

லேன் அக்கா கல்லாவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். “இதுல என்ன சந்தேகம்? கெண்டைக்காலுக்கு நாம கொல்பான்னுதானே சொல்றோம். கெண்டைக்கால் உசரத்துக்குப் புல்லு நின்னா ஒரு பசுவுக்குப் போதும். அவ்வளவுதான்.”

“யாரோட கெண்டைக்கால் அக்கா?” என்றாள் கொப்னட். “உங்களோடதா, என்னோடதா?”

“என்னோடதுன்னா மலையில பசு பட்டினிதான்,” என்றாள் லேன் அக்கா. அவள் நாலே முக்கால் அடி.

லவ்ராஸ் ஐயா அவசரமில்லாமல் புகையிலையை அமுக்கினார். “எங்க தாத்தா வேற சொல்வாரு. அந்தக் காலத்துல ஒரு ராஜாவுக்கு மாட்டுத் தலையை எண்ணச் சோம்பலாம். உக்காந்த இடத்துலேருந்து கால் மட்டும் தெரியும். அதனால காலை எண்ணச் சொன்னானாம்.”

“அப்ப எல்லாத்தையும் நாலால வகுக்கணுமே ஐயா.”

“அதனாலதான் அவன் ராஜ்யம் போச்சு.”

பள்ளி மாஸ்டர் இதையெல்லாம் கேட்டுப் பொறுக்க முடியாமல் எழுந்து, சைக்கிள் பையிலிருந்து அகராதியை எடுத்துவந்தார். மழையில் நனையாமல் இருக்க அதை ஒரு மாவு சாக்கில் சுற்றிவைத்திருந்தார். பக்கத்தைப் புரட்டி மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

“கெண்டைக்காலும் இல்ல, ராஜாவும் இல்ல. பழைய ஐரிஷ்ல இதை ஒட்டி ஒரு சொல் இருந்திருக்கு. இளங்கிடேரின்னு அர்த்தம். முதல்ல மாட்டுக்குப் பேரு. அப்புறம் அந்த மாடு தின்கிற புல்லுக்கு அதே பேரு. அப்புறம் அந்தப் புல்லு முளைக்கிற இடத்துக்கு. மாட்டோட பேரு அது மேயுற மலை மேலேயே ஏறிடுச்சு.”

எல்லாருக்கும் அது பிடித்துவிட்டது. லேன் அக்கா மட்டும் தன் கெண்டைக்காலை விட்டுக்கொடுக்கவில்லை. மூலையில் உட்கார்ந்திருந்த முயிரிஷ் வாயிலிருந்து புகைக்குழாயை எடுத்தான்.

“இளங்கிடேரின்னுதான் போட்டிருக்கா மாஸ்டர்? கிழப் பசுன்னு இல்லையே?”

“இளங்கிடேரி.”

“கன்னு போடாதது?”

“அப்படித்தான் இருக்கு.”

முயிரிஷ் பாதித் தேநீரை அப்படியே வைத்துவிட்டு மழையில் இறங்கிப் போனான். அவன் தேநீரை மிச்சம் வைத்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

ஜூலை இருபத்தெட்டு, திங்கட்கிழமை. கறுப்பிக்கு உப்புக் கொடுக்க மலைக்குப் போனேன். உள்ளங்கையை நக்குவதற்கு அவள் வாயைத் திறந்தாள். முன்னால் இரண்டு பல், அகலமாக, வெள்ளை வெளேரென்று, ஈறிலிருந்து பாதி எழும்பியிருந்தன. கீழே இறங்கும் வழியெல்லாம் கணக்குப் போட்டேன். இரண்டு பல் போட்டால் கிடேரி முழுக் கொல்பா. என் வீடு அரை கூடுதல். வெள்ளிக்கிழமை எண்ணிக்கை. என் தங்கை ஊர் பார்க்க அந்த வாயைத் திறக்க வேண்டும். கண்டும் காணாமல் விட்டால் முயிரிஷ் விடமாட்டான். கண்டு சொன்னால், கல்காரி வீட்டிலேயே திருட்டு மேய்ச்சல் என்று பேச்சு வரும். எப்படிப் பார்த்தாலும் கடிகாரத்துக்குப் பின்னால் இருக்கும் அந்த டிக்கெட்தான் என் கண்ணில் நின்றது.

மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை. வியாழக்கிழமை மத்தியானம் ஒரு யோசனை வந்தது. எண்ணிக்கைக்கு முன்பே கறுப்பியைக் கீழே இறக்கிவிட்டால் யாரும் வாயைப் பார்க்க வேண்டியிருக்காது. கயிற்றை எடுத்துக்கொண்டு போனேன். கறுப்பியைக் கட்டி இறக்கிவரும்போது பாதி வழியில் கொப்னட் எதிரே வந்தாள். கையில் கல் பை. கூழாங்கற்களை ஓடையில் கழுவிக்கொண்டு வருகிறாள்.

“கறுப்பியை எங்க ஓட்டிக்கிட்டுப் போற அண்ணே?”

“நொண்டுறா.”

“எந்தக் கால்?”

“இடது. பின்னங்கால்.”

கறுப்பி நின்ற இடத்திலிருந்து இரண்டு கல் உயரத்துக்குத் துள்ளி ஓர் ஈயை உதைத்தாள். இடது பின்னங்காலால்.

கொப்னட் என் முகத்தையே பார்த்தாள். “எண்ணிக்கைக்கு மூணு நாள் முன்னாடிலேருந்து எந்த மிருகமும் இறங்கக் கூடாது. உனக்குத் தெரியாதா?”

“தெரியும். கொப்னட், கேளு, அவ வாயில…”

“சொல்லாதே.” கையை நீட்டி என்னைத் தடுத்தாள். “இங்க ரெண்டு பேர் இருக்கோம். இங்க நீ சொன்னா அது அண்ணன் தங்கச்சி பேச்சு. நாளைக்கு வாசல்ல எட்டு வீடு நிக்கும். சொல்றதை அங்க சொல்லு.”

கறுப்பியைத் திருப்பி மேலே விட்டேன். அன்று மாலை கொப்னட் வழக்கம்போல உருளைக்கிழங்கை வேகவைத்து, கோழியை அடைத்து, என் சட்டைக்குப் பொத்தான் தைத்தாள்.

ஆகஸ்ட் முதல் தேதி வெயில் நன்றாக அடித்தது. வெள்ளிக்கிழமை இறைச்சி கூடாது என்பதால் எல்லார் பையிலும் உப்புக் கானாங்கெளுத்தியும் சோடா ரொட்டியும். நாய்கள் அந்த வாசனையில் வேலையை மறந்தன. என் முறை நாலாவது. பசுக்கள் மூன்றும் போயின. குதிரை போயிற்று. கையில் ஒரே ஒரு கறுப்புக் கல். கறுப்பி வாசலுக்கு வந்தாள்.

“நில்லுங்க!” என்றான் முயிரிஷ். பாறை மேல் ஏறியே விட்டான். “ஊருக்கு ஒரு விஷயம் சொல்லணும். கொல்பாங்கறதே இளங்கிடேரின்னு மாஸ்டரோட புஸ்தகம் சொல்லுது. மாஸ்டர், சொல்லுதா இல்லையா?”

ஓரமாக மீன் தின்றுகொண்டிருந்த மாஸ்டர் முள்ளை விழுங்கப் பார்த்தார். “சொல்லுது, ஆனா…”

“ஆனாவெல்லாம் அப்புறம். இளங்கிடேரிதான் அசல் கொல்பா. அப்ப டொனகாவோட கிடேரி பிறந்த நாள்லேருந்து முழுக் கொல்பா. மே மாசம் தங்கச்சிக்காரி அதை அரைன்னு ஏத்திவிட்டா. அண்ணன் வீட்டுக்கு அரைக் கொல்பா இனாம்! இந்தக் கையிலயா நம்ம கல்லைக் கொடுக்கறது?”

இரண்டு மூன்று பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பாறைப் பக்கமிருந்து ஒரு முணுமுணுப்பு எழுந்தது. நான் கொப்னட்டைப் பார்த்தேன். அவள் கோபப்படவில்லை. ஏதோ சந்தையில் முட்டை விலை கேட்கிறவள் மாதிரி முயிரிஷைக் கேட்டாள்.

“மாமா, நீங்க எத்தனை கிடேரி மேல விட்டிருக்கீங்க?”

“மூணு.”

“எல்லாம் இளசா?”

“ரோஜாப் பூ மாதிரி இருக்கும்.”

“என்ன கல்லு வச்சீங்க?”

முயிரிஷ் தன் கிடேரிகள் நின்ற பக்கம் திரும்பினான்.

“மூணு கறுப்பு,” என்று லவ்ராஸ் ஐயா பின்னாலிருந்து சொன்னார். கண் தெரியாது, ஆனால் ஞாபகம் அப்படியே இருந்தது.

“புஸ்தகப்படி மூணு வெள்ளை வைக்கணும். ஒண்ணரை கூடுது. ஒன்பது ஆட்டையும் இறக்கினா சரியா வரும். இல்ல, கிடேரிங்களை இறக்கறீங்களா? உங்க இஷ்டம் மாமா. நான் காத்திருக்கேன்.”

லேன் அக்காதான் முதலில் சிரித்தாள். பிறகு மலை முழுக்கச் சிரித்தது. முயிரிஷ் பாறையிலிருந்து இறங்க ஒரு நல்ல வழி தேடினான். கிடைக்கவில்லை.

“அப்ப புஸ்தகம் பொய்யா?” என்றான்.

“புஸ்தகம் சரியாத்தான் சொல்லியிருக்கு. பேரு கிடேரிகிட்டேருந்து வந்ததாவே இருக்கட்டும். ஆனா பேரு புல்லு தின்னாது. எவ்வளவு தின்னுதுன்னு பல்லுதான் சொல்லும். இந்த மலையில பல்லைப் பாத்துத்தான் கல்லு. நேத்தும் அதான், இன்னைக்கும் அதான்.”

“சரி, பல்லையே பாரு,” என்றான் முயிரிஷ். “இதோ நிக்குதே உன் அண்ணன் கிடேரி. எங்க, இதோட வாயைத் திற.”

சிரிப்பு அடங்கிவிட்டது. கொப்னட் கறுப்பியின் கழுத்தில் ஒரு கையை வைத்தாள். கிடேரியின் வாயை இன்னும் திறக்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

“வீட்டுக்காரர் முதல்ல சொல்லணும். எத்தனை பல்லு?”

ஏழு வீடும் என்னைப் பார்த்தது.

“ரெண்டு,” என்றேன். “திங்கக்கிழமையே பாத்தேன். சொல்லல.”

அப்போதுதான் அவள் கறுப்பியின் வாயைத் திறந்தாள். நிதானமாக, ஒவ்வொரு வீட்டுக்காரரும் வந்து பார்க்கும்வரை பிடித்துக்கொண்டிருந்தாள். முயிரிஷ் இரண்டு முறை பார்த்தான்.

“முழுக் கொல்பா,” என்றாள் கொப்னட். குரல் கொஞ்சமும் மாறவில்லை. “மே மாசம் அரை, இப்ப முழு. டொனகா வீடு அரை கூடுதல். கிடேரி கீழே இறங்கணும். திங்கள்லேருந்து வியாழன் வரைக்கும் தெரிஞ்சும் சொல்லாததுக்கு நாலு நாள். மலைச்சுவர்ல நாலு நாள் கல் அடுக்கிக் கொடுக்கணும்.”

“நாலு நாளா!” என்று என் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது.

“அஞ்சாக்கட்டுமா?”

நான் கறுப்பியின் கழுத்தில் கயிற்றைப் போட்டேன். முகம் எரிந்தது. ஆனால் உள்ளுக்குள் வேறொன்றும் இருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். ஊருக்கு முன்னால் சொந்த அண்ணனைத் தராசில் வைத்துக் குறை என்று சொல்லக்கூடிய ஒரு மனுஷி என் வீட்டில் உருளைக்கிழங்கு வேகவைக்கிறாள் என்று நினைத்தபோது எனக்கு மார்பு விரிந்தது.

எண்ணிக்கை முடிய மணி இரண்டாயிற்று. பிறகு கல் விடும் நேரம். கொப்னட் பையைத் திறந்து பாறையில் வைத்துவிட்டுத் தள்ளிப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றாள். லேன் அக்கா தன் கற்களைப் பாறை மேலேயே விட்டாள். அடுத்து மூன்று வீட்டுக்காரர்கள். லவ்ராஸ் ஐயா தடவித் தடவி விட்டார். மேல்வீட்டுக்காரர் கற்களை ஒரு முறை தொட்டுப் பார்த்து, அங்கேயே விட்டார். கடைசியில் முயிரிஷ். தன் கற்களை எடுத்துக் கையில் குலுக்கிக்கொண்டே நின்றான்.

“இத்தனை நாளா எனக்கு ஒரு ஆசை இருந்துச்சு,” என்றான். “இவ அண்ணனுக்கு விட்டுக் கொடுத்தா, அதைச் சொல்லியே நானும் ரெண்டு ஆட்டை ஏத்திக்கலாம்னு. அதுலயும் மண்ணு விழுந்துச்சு.” கற்களைப் பாறையில் கொட்டினான். “எடுத்துக்கோ தாயி. உன்னை மாதிரி ஒருத்தி கல் பையை வச்சிருந்தா, என்னை மாதிரி ஆளாலகூட ஏமாத்த முடியாது.”

கொப்னட் திரும்பிப் பார்த்தாள். கற்களை எண்ணினாள். ஏழு வீட்டின் கற்களும் இருந்தன. பிறகுதான் பாறை மேல் உட்கார்ந்து, யாரிடமோ கேட்டு ஒரு துண்டு மீன் வாங்கித் தின்றாள். காலையிலிருந்து அவள் ஒன்றும் தின்னவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது கறுப்பி எங்கள் இருவருக்கும் நடுவில் வந்தாள்.

“உனக்கு இப்ப ஒரு கொல்பா இருக்கு,” என்றேன். “பசு இல்ல. இவளை வச்சுக்கோ. என்கிட்ட இவளுக்குப் புல்லும் இல்ல.”

“வச்சுக்கறேன்,” என்றாள். மறுப்பாள் என்று நினைத்திருந்தேன். “ஆனா இன்னைக்கு இறக்கினதை இன்னைக்கே ஏத்த மாட்டேன். அண்ணன் கணக்குல இறக்கி என் கணக்குல ஏத்தினேன்னு முயிரிஷ் மாமா பாட்டே கட்டிடுவாரு. மே மாசம் வரைக்கும் கீழேயே நிக்கட்டும்.”

“கீழே எதைத் தின்பா?”

“உன் வைக்கோல்வெளியை. நாலு நாள் சொல்லாம இருந்தியே.”

அந்த இலையுதிர்காலத்தில் என் வைக்கோல்வெளியின் மறுவெட்டுப் புல் கறுப்பியின் வயிற்றுக்குள் போயிற்று. கொப்னட் டிக்கெட்டை உறையில் போட்டு அத்தைக்குத் திருப்பி அனுப்பினாள். இங்கே எனக்கு ஒரு கொல்பா கிடைத்திருக்கிறது, ஆகையால் வரவில்லை என்று இரண்டு வரி எழுதினாள். அத்தை நாற்பது வருஷமாக அமெரிக்காவில் இருப்பவள். பதில் ஒரே வரியில் வந்தது: “முழுசா, அரையா?”

1959 மே முதல் தேதி கல்காரி தன் பசுவை முதன்முதலாக வாசலுக்கு ஓட்டிவந்தாள். தன் மிருகத்தின் வாயைக் கல்காரர் தானே பார்க்கக் கூடாது. யார் பார்ப்பது என்று கேட்டபோது அவளே முயிரிஷைக் கைகாட்டினாள். அவனுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. சட்டைக் கையை மடித்து, கறுப்பியின் தாடையைப் பிடித்து, விரலால் ஒவ்வொரு பல்லாகத் தட்டினான்.

“நாலு. முழு.” பிறகு கறுப்பியின் வயிற்றைத் தடவிப் பார்த்தான். “இங்க இன்னொண்ணு இருக்கே, அதுக்கு என்ன கல்லு?”

“அது வெளிய வந்து புல்லைக் கடிக்கட்டும் மாமா. அப்ப கேளுங்க.”

நாற்பத்தொன்றாவது கல்லைக் கொப்னட் தன் கையாலேயே பாறையில் வைத்தாள். கறுப்பி வாலை ஆட்டிக்கொண்டு ஏறிப் போனாள். கொப்னட் அவளைப் பார்த்துக்கொண்டே நிற்கவில்லை. திரும்பி, அடுத்த வீட்டு மாடுகளை வரச் சொன்னாள்.